வெள்ளைப் பளிங்கும் வினிகர் சித்தியும்

எங்கள் குடும்பத்தில் வினிகர் சித்தியைப் பிடிக்கும் என்று சொன்னவர் எவரும் இல்லை. அவருக்கும் எங்களில் எவரையும் பிடித்ததில்லை. இரு பக்கமும் இப்படிச் சமமாக இருப்பதால், அவரைப் பற்றி எழுதும்போது இனிப்புத் தடவ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குடும்பத்தாரின் வாழ்க்கைகளை ஒவ்வொன்றாக எழுதிவரும் இந்த வரிசையில் இப்போது அவருடைய முறை. நடந்தவற்றை அவரிடமும் அவர் பகைத்தவரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒத்துப்போன இடங்களை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடங்களில் சித்தப்பா சொன்னதை எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பேச்சு வராது.

சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சித்தி ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார். அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும். பெரியப்பா தரைக்கற்களுக்கு மெருகு போடும் மேஸ்திரி. பளிங்கின் மேல் அவர் கை பட்டால் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். பின்கட்டில் ஒரு குழாயடி, ஒரு துவைகல், ஓர் அலமாரி. இவை மூன்றும் இரண்டு குடும்பங்களுக்கும் பொது. அங்கே நடந்த சண்டைகளை முழுவதும் எழுதப் புகுந்தால் வேறெதையும் எழுத முடியாது.

வேலையிடத்தில் ஒரு நாள், மேற்பார்வையாளர் அவசரப்படுத்தியதால், கழிப்பறைத் தரையில் ஊற்றியிருந்த ப்ளீச்சின் மேலேயே சித்தி ஆசிடையும் ஊற்றிவிட்டார். பச்சை மஞ்சளாகப் புகை எழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் வந்து விழுந்தவரை லிப்டுக்காரர் தூக்கி உட்காரவைத்தார். அதன்பின் ப்ளீச் வாடை பட்டாலே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிற்று. இந்த வேலையை விட்டுவிட்டால்தான் நெஞ்சு தாங்கும் என்று மருத்துவர் சொன்னார். விட்டுவிட்டு என்ன செய்வது என்பதை மருத்துவர் சொல்லவில்லை.

சித்தி அழவில்லை, கோபப்பட்டார். அந்தக் கோபத்தில்தான் அவருடைய மருந்துகள் பிறந்தன. மருந்துகள் என்பது பெரியம்மா வைத்த பெயர். சித்தி அவற்றைத் தண்ணி என்றே சொன்னார். தரைத் தண்ணி, கண்ணாடித் தண்ணி, பாத்ரூம் தண்ணி.

செய்முறையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆரஞ்சுத் தோலைச் சதையின் வெள்ளை ஒட்டாமல் சீவி, கண்ணாடி ஜாடியில் அடைத்து, வெள்ளை வினிகரை அது மூழ்க ஊற்றி, அலமாரியின் இருட்டில் வைப்பார். வினிகர் தேன்நிறமாக மாறியதும் துணியில் வடிகட்டுவார். யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், லாவெண்டர், கிராம்பு எண்ணெய்களை மருந்துக்கடையில் காலியான பழுப்புநிறச் சீசாக்களில் வைத்திருந்தார். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் கிராம்பு எண்ணெய் புட்டியையே இளக்கிவிடும் என்பதைப் பெரியம்மாவின் சீப்பு வைக்கும் டப்பாவை நாசமாக்கிக் கண்டுபிடித்திருந்தார். எண்ணெய் தண்ணீரில் நேராகக் கரையாது, மேலே மிதக்கும். ஆகவே முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பிறகுதான் மற்றதைச் சேர்ப்பார். வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கலப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நுரை வருதுன்னு கைதட்டுவாங்க. நுரை அடங்கினதும் பாத்தா வெறும் உப்புத்தண்ணி. ரெண்டையும் கொன்னுட்டு எதை வச்சுத் துடைப்பாங்களாம்?" என்பார். புது எண்ணெய் எதுவானாலும் நீர்க்கச் செய்து, முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்துத்தான் பயன்படுத்துவார்.

பொது அலமாரியில் பெரியம்மாவின் பினாயில் புட்டி இருந்தது. அதை ஒரு காலையில் சித்தி எடுத்துச் சாக்கடையில் கொட்டினார்.

"யாரைக் கேட்டுக் கொட்டின?" என்றார் பெரியம்மா.

"என் மூச்சைக் கேட்டேன். கொட்டுன்னு சொல்லிச்சு."

"உன் ஜாடியைத் திறந்தா எனக்கும்தான் குமட்டுது. ஊறுகாய்க் கடைக்கு மருமகளா வந்தவ மாதிரி."

"குமட்டினா நல்லதுக்கா. கொஞ்சம் இளைப்பீங்க."

பெரியம்மா அன்றிலிருந்து சித்தியை வினிகர் என்றே அழைத்தார். நாளடைவில் எங்கள் எல்லாருக்கும் அதுவே பெயராயிற்று.

பெரியப்பாவின் பகை இதைவிடப் பெரியது, அதற்குக் காரணமும் உண்டு. மெருகு வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது தலைமுதல் கால்வரை கல்மாவு பூசியிருக்கும். ஒரு மாலை, புதிய கட்டடங்களின் வேலையைப் பேசி முடிக்க ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குப் பின்னாலேயே பெரியப்பா வேலைக்கோலத்தில் வந்து சேர்ந்தார். மாடிப்படியில் நின்றிருந்த சித்திக்கு அப்போதுதான் இருமல் பிடித்திருந்தது.

"அந்த மாவோட உள்ள வராதீங்க. குழாயடிக்குப் போய் நல்லா அலசிட்டு வாங்க. காதுக்குள்ளயும் அலசுங்க" என்றார்.

பெரியப்பா ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் சிரித்தார். "போங்க மேஸ்திரி, மேலிடத்து உத்தரவு" என்றார். பெரியப்பா போனார். ஈரத்துண்டோடு திரும்பி வந்துதான் தன் வீட்டு நாற்காலியில் உட்கார முடிந்தது. ஒப்பந்தக்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. அதன்பின் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கொத்தனார் முதல் காவலாளி வரை ஒரே கேள்வி: "என்ன மேஸ்திரி, குளிச்சாச்சா?"

இந்த நிலையில்தான் கண் டாக்டரம்மாவின் வேலை வந்தது. அவருக்கும் ப்ளீச் வாடை ஒத்துக்கொள்ளாது. தம் வீட்டிலேயே வைத்திருந்த கிளினிக்குக்குக் கண் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும் கண்ணைக் கசக்குவது பினாயிலால்தானோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. சித்தியின் தண்ணியைப் பற்றி யாரோ சொல்ல, அழைத்துப் பேசினார். கண்ணாடி, மேசை, கழிப்பறை, தரை எல்லாம் சித்தியின் பொறுப்பு. வேலை பிடித்திருந்தால் அதே தெருவிலுள்ள மற்ற மருத்துவர்களிடமும் சொல்வதாக வாக்களித்தார். அதுவரை மூக்கைக் கட்டிக்கொண்டு போய்வந்த அலுவலகக் கட்டடத்து வேலையைச் சித்தி மறுநாளே விட்டார். திரும்பிப் போக முடியாது. போனால் ப்ளீச், ப்ளீச் என்றால் மூச்சு நிற்கும். இந்த ஒரு கூடத்தை நம்பித்தான் அவர் அன்று கையை வீசி வெளியே வந்தார்.

கூடத்தின் தரை வெள்ளைப் பளிங்கு. டாக்டரம்மாவின் தகப்பனார் ஆசையாகப் போட்டது. சன்னல் கம்பிகளின் பிம்பம் வரி பிசகாமல் அதில் விழும்.

சித்திக்கு அந்தத் தரையைப் பார்த்ததும் ஓர் எண்ணம் எழுந்தது. மெருகு மேஸ்திரியின் வீட்டில் வாழ்க்கைப்பட்டவருக்கு மட்டுமே எழக்கூடிய எண்ணம் அது. பெரியப்பா கல்லைத் தேய்த்து முடித்த பிறகு, கடைசியில் ஒரு வெள்ளைப் பவுடரை நீரில் குழைத்துத் தேய்ப்பார். அதற்குப் பின்தான் பளபளப்பு வரும். அந்தப் பவுடர் ஓர் அமிலம், நாக்கில் பட்டால் புளிக்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புளிப்புத்தான் கல்லுக்குப் பளபளப்புக் கொடுக்கிறது என்று சித்தி முடிவு செய்தார். வினிகரும் புளிப்பு. ஆகவே தன் தண்ணி அழுக்கையும் எடுக்கும், மெருகையும் ஏற்றும்.

ஆனாலும் பிறர் வீட்டுக் கல். அதனால் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒருவரிடம் யோசனை கேட்க மாடியிலிருந்து இறங்கினார். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்றார் சித்தி. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருடமாயிற்று என்று சித்தப்பா சொல்கிறார். வழக்கமாகக் 'கல்லுக்காரர்' என்றுதான் வரும்.

பெரியப்பா நிமிர்ந்தார்.

"டாக்டரம்மா வீட்டுத் தரை வெள்ளை மார்பிள். நீங்க கடைசியில போடுற பவுடரும் புளிப்புதானே? என் வினிகர் அதுக்கு ஆகுமா?"

பெரியப்பா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "ஆகும். தாராளமா ஊத்து."

"தண்ணி கலக்கணுமா?"

"எதுக்கு? அப்படியே ஊத்து."

அமிலமெல்லாம் ஒன்றல்ல என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். அவருடைய பவுடர் கல்லோடு சேர்ந்து மேலே இறுகிய தோலாகப் படியும். வினிகர் கல்லைத் தின்று, தின்றதைத் தண்ணீரோடு கழுவிக்கொண்டு போய்விடும். பளிங்கின் மேல் எலுமிச்சம்பழம் நறுக்கியவர்களைக்கூட அவர் வாயில் வந்தபடி ஏசியிருக்கிறார். இதைப் பற்றி நான் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "கேட்டா, சொன்னேன். குளிச்சாச்சான்னு கேட்டவனுங்க குரல் எல்லாம் அப்ப என் காதுலதான் இருந்துச்சு" என்றார்.

சித்தி ஊற்றினார். ஒவ்வொரு காலையும் கூடம் முழுவதும் ஆரஞ்சு மணக்கத் துடைத்தார். நோயாளிகள் மூச்சை இழுத்துப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார்கள். டாக்டரம்மா மகிழ்ந்தார். சில வாரங்களில் தரையில் ஒரு மங்கல் தெரிந்தது. முதலில் பார்த்தவர் சித்திதான். அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார். மங்கல் கூடிற்று. முழங்காலிட்டு ஊற்றித் தேய்த்தார். மேலும் கூடிற்று. ஒரு காலைவேளையில் டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்தபோது சன்னல் கம்பிகளைத் தரையில் காணவில்லை. துடைக்கும் துணி எட்டாத நாற்காலிக் கால்களின் அடியில் மட்டும் வட்டம் வட்டமாகப் பழைய பளபளப்பு மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

அந்தப் பக்கத்தில் கல்வேலைக்கெல்லாம் அதே ஒப்பந்தக்காரர்தான். டாக்டரம்மா அவருக்குச் சொல்லியனுப்பினார். ஒப்பந்தக்காரர் தம் மேஸ்திரியை அனுப்பினார். இப்படியாகப் பெரியப்பாவே அந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மெருகு இயந்திரம் கனமானது. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு சித்தப்பாவின் வேனில்தான் அது எப்போதும் ஏறும். ஆகவே சித்தப்பாவும் வந்தார்.

பெரியப்பா குனிந்து, ஈர விரலால் தரையைத் தடவினார். "புளிப்பு தின்னிருக்கு. எதையோ ஊத்தியிருக்காங்க."

"எதையோவா?" வாளியோடு நின்ற சித்தி கேட்டார். "அப்படியே ஊத்துன்னு சொன்ன வாய் எங்க போச்சு?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

பெரியப்பா டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. நான் கல்லுத் தேய்ச்சு வயித்தைக் கழுவுறவன். மார்பிள் மேல வினிகர் ஊத்துன்னு என் வாயால சொல்வேனா? கேக்குறவன் சிரிக்க மாட்டான்? பழியைப் போட ஆள் தேடுது இது."

"அவர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு?" என்றார் டாக்டரம்மா. "தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டாக்கூட மன்னிக்கலாம். அடுத்தவர் மேல போடறது எனக்குப் பிடிக்காது. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

சித்திக்கு இருமல் வந்தது. அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவையும் பார்க்கவில்லை. இயந்திரத்தின் ஒரு கைப்பிடியைத் தாங்கி நின்ற தன் புருஷனைப் பார்த்தார். கெஞ்சவில்லை. இவர் பேசப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பார்வை அது என்று சித்தப்பா சொன்னார். அதுதான் தன்னைச் சுட்டது என்றும் சொன்னார்.

சித்தப்பா இயந்திரத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணே, சொன்னியே."

"டேய்."

"ஆகுமான்னு கேட்டா. தாராளமான்னு சொன்ன. தண்ணி கலக்கணுமான்னு கேட்டா. எதுக்குன்னு கேட்ட. நான் படியிலதானே உக்காந்திருந்தேன்?"

"பொண்டாட்டி பக்கம் சாஞ்சிட்டியா?"

"சாயல. கேட்டதைச் சொல்றேன்."

பெரியப்பா தம்பியை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். அதுவே டாக்டரம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

டாக்டரம்மாவின் தீர்ப்பில் இரக்கம் துளியும் இல்லை. பெரியப்பாவிடம், "தெரிஞ்சே கெடுத்தது நீங்க. பழையபடி ஆக்க வேண்டியதும் நீங்க. மாட்டேன்னா என்ன நடந்துச்சுன்னு ஒப்பந்தக்காரர்கிட்ட நானே சொல்றேன்" என்றார். பிறகு சித்தியிடம் திரும்பினார். "கையில தடவிப் பாத்துட்டுத்தான் எதையும் ஊத்துவேன்னு முதல் நாள் பெருமையாச் சொன்னீங்களே. என் தரையில ஒரு மூலையில ஊத்திப் பாத்தீங்களா?"

சித்தி வாளியைத் தரையில் வைத்தார். வாய்ச்சண்டையில் அவர் தோற்றது அந்த ஒருமுறைதான்.

"கல்லு பழையபடி வந்தா நீங்க இருங்க. வரலைன்னா ரெண்டு பேருமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

ஆக, சித்தியின் பிழைப்பு பெரியப்பாவின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் வேலையைச் சற்றே அரைகுறையாகச் செய்தால் போதும். "முடிஞ்ச அளவு பண்ணிட்டேன், வினிகர் ரொம்ப ஆழமா இறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டால் மறுத்துப் பேச ஆள் இல்லை. சித்திக்கு இது தெரியும். அதனால் கிளினிக் மூடியிருந்த மதியங்களில் அவர் வீட்டில் இருக்கவில்லை. வழியும் கல்சேற்றை வாரிக் கொட்டுவதற்கென்று வந்து, பெரியப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் கட்டியிருந்தார். இயந்திரத்தில் மாட்டும் தேய்ப்புக் கற்களைச் சொரசொரப்பிலிருந்து மழமழப்புவரை வரிசையாக மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. எல்லாப் பேச்சும் சித்தப்பாவின் வழியே போய் வந்தது.

"அவர்கிட்ட கேளுங்க, சொரசொரப்புக் கல்லுலேருந்து நேரா மழமழக் கல்லுக்குத் தாவிட்டாரே, நடுவுல ஒண்ணு என்ன ஆச்சு?"

"அவகிட்ட சொல்லு, தொழில் கத்துக்க வந்திருந்தா சம்பளம் கட்டச் சொல்லு."

"அண்ணே, அவ கேக்குறது..."

"எனக்குக் காது இருக்குடா. நடுக்கல்லு பையில இருக்கு, எடு."

"எடுத்துக் குடுங்க. கண்ணு தெரியலைன்னா இங்கயே காட்டிக்கச் சொல்லுங்க, கண் ஆஸ்பத்திரிதானே."

பெரியப்பா நடுக்கல்லைப் பொருத்தினார். மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று நான் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் அதற்குப் பின் அவர் எதையும் விடவில்லை. சுவரோரத்தில் இயந்திரம் எட்டாத இடங்களைச் சம்மணமிட்டுக் கையாலேயே தேய்த்தார். சித்தியின் மேல் அவருக்குப் பகை இருந்தது, கல்லின் மேல் இல்லை. கடைசி நாள், புளிக்கும் அந்த வெள்ளைப் பவுடரைத் தூவி, நீர் தெளித்துத் தேய்த்து, கழுவித் துடைத்தார். சன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தரைக்குத் திரும்பின.

டாக்டரம்மா கூடத்தின் நான்கு பக்கமும் நடந்து பார்த்தார்.

"இனிமே இதுல எதை ஊத்தறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டு ஊத்தச் சொல்லுங்கம்மா" என்றார் பெரியப்பா. வேலை நன்றாக வந்துவிட்ட மிடுக்கில் சொன்னார்.

"கேட்டுட்டுத்தான் ஊத்தினேன்" என்றார் சித்தி. "இனிமே கல்லையே கேட்டுக்கறேன். டாக்டரம்மா, இதே கல்லுல ஒரு துண்டு இருந்தா குடுங்க."

பொருள்கள் வைக்கும் அறையில், தரை போட்டபோது மிஞ்சிய உடைசல்கள் சில கிடந்தன. சித்தி உள்ளங்கையகலத் துண்டு ஒன்றை எடுத்தார். அன்று அவர் கொண்டுவந்திருந்தது புதிய தண்ணி. அதில் வினிகர் இல்லை, ஆரஞ்சுத் தோல் இல்லை. சோப்பைச் சீவிக் கரைத்து, ஸ்பிரிட்டில் கலந்த எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்தது. பளபளப்பான பக்கத்தில் ஊற்றி, எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தார். இன்னொரு மூலையில் பழைய வினிகரில் ஒரு சொட்டு விட்டார். வினிகர் விழுந்த இடத்தில் சின்னஞ்சிறு குமிழ்கள் கிளம்பின. துடைத்தபோது அங்கே ஒரு வெண்தழும்பு இருந்தது. சோப்புத் தண்ணி பட்ட இடம் அப்படியே மின்னியது. டாக்டரம்மா அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம் அறைக்குப் போனார். போகும்போது, "காலையில வழக்கம்போல வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சித்தி காலைவரை காத்திருக்கவில்லை. அப்போதே வாளியை நிரப்பிக் கூடத்தைத் துடைக்கத் தொடங்கினார். எலுமிச்சைப்புல் மணம் வாசல்வரை எழுந்தது. அங்கே சித்தப்பாவும் பெரியப்பாவும் இயந்திரத்தை வேனில் ஏற்றுவதற்காக வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவகிட்ட சொல்லு, மூக்கு எரியுது" என்றார் பெரியப்பா.

சித்தப்பா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சித்தி நிமிராமலே துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பெரியப்பா நின்றிருந்த இடத்தையும் துடைத்தார். பெரியப்பா காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.